படிக்கட்டின் கீழ் நீலக் கேன்

விடிகாலை நாலே முக்காலுக்கு ரெங்கம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பது ஒச்சப்பனின் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து புண்ணாகிவிடும். இரவு முறை மகள் சுகுணாவுக்கு, விடிந்தால் இவருக்கு. முதலில் வலது கையை எடுத்து அவள் மார்பின் மேல் வைப்பார். வைத்த இடத்தில் அது கிடக்கும். பிறகு வலது முழங்காலை மடக்கி, தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தன் பக்கமாக இழுப்பார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவார். அறுபத்தாறு வயதில் இதற்கே மூச்சு வாங்கும்.

“வலிக்குதா?”

ரெங்கம்மாவின் இடது கை விரல் இரும்புக் கட்டிலின் சட்டத்தில் இரண்டு முறை தட்டியது. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சு இல்லை. ஆனால் மற்றவர்கள் சொல்வதெல்லாம் புரியும். இந்தத் தட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தது பிசியோதெரபி பெண் திவ்யா.

“இன்னிக்கு ஏழரைக்கு பிசியோ. நசீர் பாய் வாராரு, வண்டியப் பாக்க.”

அதற்குத் தட்டவில்லை. கேள்வியாகக் கேட்டால்தான் தட்டுவாள்.

ஜூலை இரண்டாம் தேதி ஏறக்குறைய இதே நேரத்தில்தான் அவள் அடுப்படியில் விழுந்தாள். போர்ட்பிளேரில் டெலானிபூர் மேட்டில், சுகுணாவுக்கு வேலையோடு கிடைத்த குவார்ட்டர்ஸ் இது. சுகுணாவின் கணவன் நந்தகுமார் தீவுக் கப்பலில் வேலை. மாதத்தில் இருபது நாள் கடலில் இருப்பான். அன்றும் இல்லை. மழை கொட்டியது. ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, அரை மணியாகும் என்றார்கள். வாசலில் சொந்தக் கார் நிற்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும்? அப்பனும் மகளும் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். ஒச்சப்பன் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது. இஞ்சின் ஒரு தரம் பிடித்தது, வண்டியே குலுங்கியது, அணைந்தது. ஏழு தரம் அப்படி.

பிறகு அவர் முப்பத்தைந்து வருட டிரைவர் செய்யக்கூடியதைச் செய்தார். ஹேண்ட்பிரேக்கை விட்டு, சரிவில் வண்டியை உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை எடுத்தார். எத்தனையோ ஜீப்புகளை இப்படி எழுப்பியிருக்கிறார். இந்த வண்டி வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு போய், கீழே வளைவில் செத்து நின்றது. அங்கே ஆட்டோ வராது. ஆம்புலன்ஸுக்கு மறுபடி போன் செய்து புது இடம் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் மீன் ஏற்றப்போன ஒரு வங்காளிப் பையன் வேனை நிறுத்தினான். பெட்டிகளுக்கு நடுவில், மீன்வாடையில், ரெங்கம்மா ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது விழுந்து ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று இந்தியில் ஆரம்பித்த டாக்டர், ஒச்சப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை.

அந்த ஒரு மணி நேரம் யாருடைய குற்றம் என்பதுதான் அன்றிலிருந்து இந்த வீட்டில் இருக்கும் கேள்வி. சுகுணாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஏப்ரல் கடைசியில் காரின் பெட்ரோல் பம்ப் போயிற்று. ஜங்லிகாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நசீருதீன், புதுப் பம்ப் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர இரண்டு வாரமாகும் என்று சொல்லி, ஆக்சிடெண்ட் ஆன ஒரு காரிலிருந்து கழற்றிய பம்பை மாட்டிக்கொடுத்தார். அதன் பிறகுதான் காலையில் வண்டி இரும ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சுகுணா அவருக்குப் போன் செய்தாள். “செத்த வண்டியோட பம்ப மாட்டி எங்கம்மாவச் சாச்சுட்டீங்களே பாய். உங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா இப்பிடி மாட்டுவீங்களா?” என்று கத்தினாள். ஒச்சப்பன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போதும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. யாரோ ஒருவர்மேல் அது போய் உட்கார்ந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

ஒச்சப்பன் எப்போதும் வண்டியோடு இருந்தவர். சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். பதினாலு வயதில் அப்பாவோடு கச்சால் தீவுக்கு வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிற வேலை எல்லோருக்கும் காத்திருந்தது. அவர் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து இருபத்திரண்டு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். தோட்டத்து லாரிக்கு லாக் புக் எழுத வேண்டும். புறப்பட்ட நேரம், கிலோமீட்டர், பயணத்தின் நோக்கம், குறிப்பு. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ரிட்டயர் ஆன பிறகு, மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடம் இந்தப் பழைய காரை வாங்கினார். அதற்கும் நீளமான நோட்டில் கோடு போட்டு எழுதுகிறார்.

“மீன் வாங்கப் போறதுக்குமா நோக்கம் எழுதுவாங்க? எந்த ஆபீஸர் கையெழுத்துப் போடப்போறாரு?” என்பாள் ரெங்கம்மா.

“நீ போடு.”

“போட்டுட்டா போச்சு. நோக்கம்: பொண்டாட்டி தொல்லை. எழுதுங்க.”

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கச்சாலில் லாரியோடுதான் இருந்தார். ஜெட்டிப் பக்கத்திலிருந்து முப்பது பேரை ஏற்றி மேட்டில் கொண்டுபோய் விட்டார். இரண்டாவது நடைக்கு இறங்கும்போது பாதி வழியில் டீசல் தீர்ந்து லாரி நின்றது. டீசல் பீப்பாய் ஸ்டோருக்குள் பூட்டிக் கிடந்தது; சாவி வேறொருவரிடம். அவருடைய அக்கா செல்லம் கீழே இருந்தாள். லாரி நின்ற இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அன்றைக்கு லாக் புக்கில் அவர் எதுவும் எழுதவில்லை. எழுத நோட்டும் இல்லை.

போர்ட்பிளேருக்கு வந்து இருபது வருடமாகிறது. வந்த முதல் மாதமே இருபது லிட்டர் நீலக் கேன் ஒன்று வாங்கி, பெட்ரோல் நிரப்பிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தார். அப்போது அவரிடம் சொந்த வண்டிகூட இல்லை. இருந்தாலும் கேன் இருந்தது. எந்த வீட்டுக்கு மாறினாலும் முதலில் அதற்கு இடம் பார்ப்பார். வண்டி வந்த பிறகு அதற்கு ஒரு முறையும் வந்தது. பெட்ரோல் நாள்பட்டால் கெட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி சாயங்காலம் கேனிலிருப்பதைக் கார் டேங்கில் ஊற்றிவிட்டு, கேனில் புதிதாக நிரப்பிவைப்பார். கடைசிச் சொட்டு வரை, கேனைத் தலைகீழாகப் பிடித்து.

ரெங்கம்மா அந்தக் கேனைச் சக்களத்தி என்பாள். “மாசம் பொறந்தா நீலச் சக்களத்திக்குச் சீர் செய்யணும் உங்களுக்கு. எனக்கு ஒரு சேல எடுத்துக்குடுக்கத் தேதி ஞாபகம் இருக்கா? வாடை வீடு பூரா அடிக்குது, தூக்கிப் போடுங்க.”

“அது இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

“அப்ப அதோடயே படுங்க.”

ரெங்கம்மா விழுந்ததற்குப் பிறகு நான்கு மாதமாக வேறொரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டிவந்தார். காலை இருமல் போகவில்லை. சில நாள் நன்றாக எழும், சில நாள் எழாது. இந்த மாதம் மட்டும் இரண்டு நாள் பிசியோ தவறிவிட்டது. முதல் ஆறு மாதத்தில் திரும்பி வருவதுதான் அதிகம், ஒருநாளும் விடாதீர்கள் அங்கிள் என்று திவ்யா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதனால்தான் நேற்று வெட்கத்தை விட்டு நசீருதீனிடம் போனார்.

பானட்டுக்குள் குனிந்திருந்த நசீருதீன் நிமிர்ந்து பார்த்தார். ஒச்சப்பனைவிடப் பத்து வயது இளையவர். “வாங்கண்ணே” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

“காலைல வண்டி இருமுது, பாய்.”

“வேற எடத்துல பாக்குறதாக் கேள்விப்பட்டேன்.”

“பாத்தாங்க. பிளக் மாத்துனாங்க, பேட்டரி மாத்துனாங்க, காயில் மாத்துனாங்க. இன்னும் மாத்தாதது நான் ஒருத்தன்தான்.”

நசீருதீன் சிரிக்கவில்லை. “அங்க போய்ச் சேர்றப்ப எப்பிடி ஓடுது?”

“மாப்பிள்ள மாதிரி ஓடுது. அதான் கேவலம்.”

“சூடான வண்டியப் பாத்தா என்னா தெரியும்? நோவு காலைல வருது, வைத்தியம் மத்தியானம் பாக்குறீங்க.” கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டார். “நாளைக்குச் சாவியத் தொடாதீங்க. சுபுஹு தொழுதுட்டு நானே வாரேன். நின்ன எடத்துல, குளிர்ந்தபடியே பாக்கணும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணே, அது அந்தப் பம்புதான்னா நான் மறைக்க மாட்டேன். உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன். ஜூலையிலேருந்து இது எனக்கும் தொண்டையில நிக்குது” என்றார்.

ஐந்தே காலுக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மழை விட்டுத் தூறலாக இருந்தது. நசீருதீன் காலுக்கடியில் ஐந்து லிட்டர் பெட்ரோல் கேனும், தோளில் பையும், பையில் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

“என்னா அது?”

“புதுப் பம்பு. ஆகஸ்ட்டுல கப்பல்ல வந்துச்சு. நீங்க வருவீங்கன்னு வெச்சிருந்தேன்.”

ஒச்சப்பன் வேறு பக்கம் பார்த்தார்.

“ஒரே ஒரு தரம் அடிங்க. நான் கேக்கணும்.”

சாவியைத் திருப்பினார். சுற்றியது, பிடித்தது, குலுங்கியது, அணைந்தது. ஜூலையில் கேட்ட அதே சத்தம். மறுபடி திருப்பப்போன ஒச்சப்பனின் கையை நசீருதீன் ஜன்னல் வழியாகத் தடுத்தார். “பஸ், போதும். இனிமே அடிச்சா தடயம் போயிரும்.”

பிளக்குகளைக் கழற்றினார். முனை ஈரமாக இருந்த மூன்றாவதை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத் தனியாக ஒரு துணியில் வைத்தார். பெட்ரோல் லைனில் அழுத்தம் காட்டும் ஒரு கேஜை மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடச் சொன்னார். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு நொடி முனகி நின்றது. கேஜின் முள் ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம். முள் இறங்கவில்லை.

“பம்பு நல்லாருக்கு” என்றார். சொல்லும்போதே அவர் முகம் தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அண்ணே, என் பம்பு நல்லாருக்கு. பாருங்க நீங்களே, பாருங்க.”

“பாத்தேன். பின்ன என்னா?”

நசீருதீன் லைனைக் கழற்றி, ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். சாவியைப் போடுவதும் எடுப்பதுமாகப் பத்துத் தரம். பாட்டில் கால்வாசி நிறைந்தது. அதைப் பானட்டின் மேல் வைத்து இருவரும் காத்திருந்தார்கள். மேலே பழுப்பு மஞ்சளாகப் பெட்ரோல். கீழே ஒரு விரல்கடை உயரத்துக்கு நிறமில்லாமல் ஒன்று பிரிந்து நின்றது. பாட்டிலைச் சாய்த்தால் அது தனியாக நகர்ந்தது.

“பானி” என்றார் நசீருதீன். “தண்ணிண்ணே. ராத்திரியெல்லாம் வண்டி நின்னா டேங்க்ல தண்ணி அடியில போய் உக்காரும். பம்பு அடியிலேருந்துதானே இழுக்குது. காலைல மொத வாயே தண்ணி. கொஞ்சம் ஓடி டேங்க் குலுங்குனா கலந்து எரிஞ்சிரும். அதனாலதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போறப்ப மாப்பிள்ள ஆயிருது. எந்த பங்க்ல போடுறீங்க?”

“எல்லாரும் போடுற பங்க்தான்.”

“அங்க தண்ணின்னா டெலானிபூர் ஆட்டோ பூரா காலைல இருமணுமே. என் கடை வாசல்ல க்யூ நிக்கும்.” நசீருதீன் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தார். நான்கு மாதப் பாரம் இறங்கிய மனிதர். “நீங்க நோட்டு எழுதுவீங்களே, எடுங்க. என்னைக்கெல்லாம் இருமுச்சுன்னு பாப்போம்.”

ஒச்சப்பன் டேஷ்போர்டுக்குள்ளிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். நசீருதீன் குறிப்புப் பத்தியில் விரலை ஓட்டிக்கொண்டு போனார். மே 2, இழுக்கிறது. மே 4, மூன்றாவது முறை ஸ்டார்ட். ஜூன் 2, ஜூன் 3. ஜூலை 2-க்கு நேராக அந்தக் கட்டங்களில் இப்படி இருந்தது: நேரம், காலை 4.55. கிலோமீட்டர், பூஜ்யம். பயணத்தின் நோக்கம், ரெங்கம்மா. குறிப்பு, வண்டி எடுக்கவில்லை.

விரல் அங்கே நின்றது. பிறகு வேகமாகக் கீழே போனது. ஆகஸ்ட் 2. செப்டம்பர் 2, 3. அக்டோபர் 3. நவம்பர் 2. நேற்று, நவம்பர் 4.

“எல்லாம் மாசத்தோட மொத வாரம்” என்றார் நசீருதீன். “மழை ஆரம்பிச்ச பெறகு. பம்பு மாத்துனதும் மழை புடிச்சதும் ஒண்ணா வந்ததுல நம்ம ரெண்டு பேருமே ஏமாந்துட்டோம். மாசம் பொறந்தா என்னாண்ணே பண்ணுவீங்க நீங்க?”

கேட்ட பிறகுதான் அவருக்கு ஒச்சப்பன் நின்ற நிலை கண்ணில் பட்டது. அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

நசீருதீனே போய்க் கேனை வெளியே இழுத்தார். கேனின் மேற்பக்கம் மூடியைச் சுற்றிப் பள்ளமாக இருந்தது. அதில் மழைத் தண்ணீர் குட்டையாகத் தேங்கி நின்றது. மாடிப்படியின் விளிம்பிலிருந்து சொட்டுவது நேராக அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. மூடியைத் திருகினார். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் காய்ந்து, நகம் பட்டதும் இரண்டாக ஒடிந்தது. வெயிலில் கேன் உப்பும், மழையில் குளிர்ந்து இழுக்கும். இழுக்கும்போதெல்லாம் அந்தக் குட்டையிலிருந்து கொஞ்சம். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒச்சப்பனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“ஒண்ணாந்தேதி சாயங்காலம் ஊத்துனேன்” என்றார் ஒச்சப்பன். “ஜூலை ஒண்ணு. மழைல நனைஞ்சுக்கிட்டே ஊத்துனேன். அவ உள்ளேருந்து கத்துனா, சளி புடிக்கும்னு.”

நசீருதீன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அவசரத்துக்குன்னு வெச்சது, பாய்.”

“தெரியும்ணே.”

“இருபது வருசமா வெச்சிருக்கேன்.”

“தெரியும்ணே. வாங்க, டேங்கைக் காலி பண்ணிருவோம். டைம் இல்ல.”

பின்சீட்டைத் தூக்கி, பம்பின் வட்ட மூடியைத் திறந்து, குழாய் போட்டு டேங்கில் இருந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்தார்கள். அடியில் மிச்சமிருந்ததை நசீருதீன் ஒரு கம்பியில் துணி சுற்றி ஒற்றி ஒற்றிப் பிழிந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் தேறியது. ஃபில்ட்டரை மாற்றினார். லைனைக் கழுவினார். பழைய பம்பையே துடைத்துத் திரும்ப மாட்டினார். ஒச்சப்பன் டார்ச் பிடித்தார். வெளிச்சம் படிக்கட்டுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. நசீருதீன் டார்ச்சை வாங்கித் தன் பல்லில் கடித்துக்கொண்டார்.

வேலை முடிந்து குனிந்தபடியே அவர் பேசினார். வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டு, மெதுவாக.

“அண்ணே, மக கேட்டா பம்புன்னே சொல்லிருங்க. புதுசு மாட்டியாச்சு, சரியாயிருச்சுன்னு.”

ஒச்சப்பன் நிமிர்ந்தார்.

“நாலு மாசமாத் திட்டு வாங்கிப் பழகிட்டேன். எனக்குத் தெரிஞ்சிருச்சு, அது போதும். உங்களுக்கு அப்பிடியா? நீங்க தினமும் அந்தப் புள்ள மூஞ்சில முழிக்கணும். கேனைத் தூக்கி என் ஸ்கூட்டர்ல வைங்க. கொண்டுபோய் எங்கியாவது போட்டுருறேன்.”

ஒச்சப்பன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொண்டுவந்த ஐந்து லிட்டரை நசீருதீன் டேங்கில் ஊற்றினார். சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்து, ஒரு நடுக்கமும் இல்லாமல் ஓடியது.

சத்தம் கேட்டு சுகுணா வெளியே வந்தாள். ஆபீஸ் போக ஒரு காதில் மட்டும் கம்மல் மாட்டியிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், ஸ்கூட்டரில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள்.

“புதுப் பம்பா?”

“ஆமாம்மா” என்றார் நசீருதீன். “மாட்டியாச்சு. இனிமே தொந்தரவு இருக்காது.”

“இத ஏப்ரல்லயே செஞ்சிருக்கலாமே பாய். ரெண்டு வாரம் வண்டி இல்லாம இருந்திருப்போம். ஆட்டோவுல போயிருப்போம். எங்கம்மா நடந்துக்கிட்டு இருந்திருப்பாங்க.”

“செஞ்சிருக்கலாம்மா.”

“உங்களுக்கு என்னா, செஞ்சிருக்கலாம்னு சொல்லிட்டுப் போயிருவீங்க.”

நசீருதீன் தலையைக் குனிந்து கருவிகளைப் பையில் அடுக்கினார். ஒச்சப்பன் ஓடும் இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் போலவே இப்போதும் ஆயிற்று. அப்போது தெரியாமல், இப்போது தெரிந்து. சுகுணா, “டீ போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்கப்பா” என்று நசீருதீன் அங்கே இல்லாததுபோல அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நசீருதீன் டீக்கு நிற்கவில்லை. நீலக் கேனைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். படிக்கட்டுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் நான்குமூலையாகக் காய்ந்த தடம் ஒன்று இருந்தது. ஒச்சப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து சொட்டுகள் அதன்மேல் விழ ஆரம்பித்தன.

கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினார். வாடை போகவில்லை. அறைக்குள் போனபோது ரெங்கம்மா, புரட்டும் நேரம் தாண்டியும், அவர் காலையில் படுக்கவைத்த அதே பக்கம், கதவைப் பார்த்துக் கிடந்தாள். வாடையை அவள் மூக்கு உணர்ந்தது முகத்தில் தெரிந்தது.

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, பவுடர் டப்பாவை எடுத்து மூடி, மறுபடி திறந்து, மூடினார்.

“வண்டி எடுத்துருச்சு. சத்தம் கேட்டுச்சா?”

ஒரு தட்டு.

“பாய் மேல தப்பு இல்ல. பம்பு நல்லாத்தான் இருந்துச்சு. அவரு பாவம், புதுசு வாங்கி வெச்சிக்கிட்டு இருந்திருக்காரு.” அவள் தலையணையைச் சரிசெய்தார். “கேன்ல தண்ணி, ரெங்கம். மழைத்தண்ணி. மூடி வழியா எறங்கியிருக்கு. நான்தான் முந்தின நாள் ஊத்துனேன். நீ உள்ளேருந்து கத்துனியே, அன்னிக்கு.”

அவள் கண் அவர்மேல் இருந்தது. இமைத்தது. வாயின் நல்ல பக்கம் அசைந்ததுபோல் இருந்தது, அசையவில்லையோ என்னவோ.

“நீ சொன்னப்பவே தூக்கிப் போட்டிருக்கணும்.”

அது கேள்வி இல்லை. விரல் சட்டத்தின் மேல் அப்படியே இருந்தது.

வெளியே கார் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி எழுமா என்ற பயத்தில் அவர் அணைக்காமல் வந்திருந்தார். அடுப்படியில் சுகுணா பாத்திரத்தை வைக்கும் சத்தம். “அப்பா, ஏழு பத்து. வீல் சேர எடுத்துட்டு வாங்க” என்று குரல் கொடுத்தாள்.

“அவ பாயி மேல பழியப் போட்டுட்டா. நான் கேட்டுக்கிட்டு நின்னேன்.” குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்டார். “சுகுணாகிட்டச் சொல்லிரவா?”

விரல் அசையவில்லை.

“சொல்லிரவா, வேணாமா?”

காத்திருந்தார். அந்த விரல்களை எடுத்துச் சட்டத்தின் மேல் நேராக வைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறதியோ குழப்பமோ அந்தப் பார்வையில் இல்லை. பிறகு விரல்களை மெதுவாகச் சட்டத்திலிருந்து எடுத்து, மார்பில் கிடந்த செத்த கையின் மேல் வைத்துக்கொண்டாள்.

“அப்பா!”

ஒச்சப்பன் எழுந்தார். பவுடர் டப்பாவை அலமாரியில் அதன் இடத்தில் வைத்தார். சக்கர நாற்காலியை எடுத்துவர அறையை விட்டு வெளியே போனார்.